ஆயில் கூலருக்கு நான் வைத்த சந்தனம்

என் அருமைச் சகலை ஏகாம்பரத்துக்கு,

மாமனார் வீட்டில் நாலு பேர் எதிரில் உன்னை 'நீங்க' என்பேன். கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் 'நீ'. இது கொட்டகைக் கடிதம். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ வேலை பார்த்த பட்டறையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு வரவில்லை. உனக்கே எழுதுகிறேன், ஊர் படித்துக்கொள்ளட்டும்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன் விமானத்தைக் கும்மிடிப்பூண்டிக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை சோழவரத்து ஓடுதளத்தில் அதை மறுபடி பறக்கவிடுவதாக ஏற்பாடு. ஓட்டப் போவது நம் பழைய பைலட் சார். பக்கத்து இருக்கையில் உட்காரப் போவது யார் தெரியுமா? சுலோச்சனா அக்கா. உன் பெண்டாட்டியேதான்! நீ இருந்தவரைக்கும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்.

எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் கூலரையும் ஆயில் குழாய்களையும் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டியவன் நான். எஞ்சின் நோட்டில் நீ கையெழுத்துப் போடும் இடத்தில் நான் போட்டால்தான் எடுப்பேன் என்று பைலட் சார் சொல்லிவிட்டார். போட்டேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் நீ மீதியைப் படிக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு?

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏகாம்பரமும் நானும் ஆரணியில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நம் பொன்னேரிப் பக்கத்து ஆரணிதான். அவன் மூத்த மாப்பிள்ளை, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். நான் சின்ன மாப்பிள்ளை, கல்கத்தா ரோட்டில் லாரி ரேடியேட்டருக்குப் பற்றவைக்கிறவன். வரைபடம் ஒன்றை வரவழைத்து, பட்டறை முதலாளி கொடுத்த கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தன் கையாலேயே கட்ட ஆரம்பித்தான் இந்த மனுஷன்.

உண்மையைச் சொல்கிறேன் சகலை, உன்னை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. தலை தீபாவளியன்று இலையில் உட்கார்ந்திருக்கிறேன். மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "பெரிய மாப்ள ஏரோப்ளேன்ல வேல பாத்தவரு. சின்ன மாப்ள லாரிக்குத் தண்ணி ஊத்தறவரு." வாயில் வைத்த வடை இறங்கவில்லை எனக்கு. அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல், நாலு வருஷம் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் நீயே என் கடைக்கு வந்தாய். கழித்துப்போட்ட பயிற்சி விமானத்திலிருந்து வாங்கிய நாலு சிலிண்டர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாய். நம் ஊர் வெயிலில் ஆயில் கொதிக்கிறது, கூலர் ஒன்று வைத்தே தீரவேண்டும் என்றாய். எனக்கு ஒரே குஷி. "சூட்ட எடுக்கணும், அவ்ளோதான? அத்தத்தான நான் தெனம் பண்ணிக்கினு கீறேன். நீ கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஒரு வாரம் ராப்பகலாக இல்லாவிட்டாலும் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். கார் ரேடியேட்டரை வெட்டிச் சின்னதாக்கி, பித்தளையில் இரண்டு பக்கமும் தொட்டி வைத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து உன் மேஜைமேல் வைத்தேன். மாமனாரையும் கூட அழைத்து வந்திருந்தேன். அவர் பார்க்கவேண்டும் அல்லவா?

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். விரலால் தட்டிப் பார்த்தாய்.

"எவ்ளோ தாங்கும் சகல?"

"லாரிக்கே தாங்குது, உன் கொசுவுக்குத் தாங்காதா?"

"லாரியில தண்ணி சும்மா சுத்திக்கினு இருக்கும். இதுல பம்ப்பு ஆயிலத் தள்ளும். காலைல ஆயில் கெட்டியா இருந்தா இன்னும் மூர்க்கமாத் தள்ளும். அடிச்சுப் பாத்துடலாமா?"

வேண்டாம் என்று நீ சொல்லவே இல்லை, அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கைப்பம்பை மாட்டி ஆயிலை ஏற்றினாய். பத்து என்றது மீட்டர். பதினைந்து. இருபது தொடுவதற்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். என் தீபாவளிச் சட்டை, மூஞ்சி, மாமனாரின் வேட்டி எல்லாம் கறுப்பு ஆயில். அவர் போட்ட கூச்சலில் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் ஓடிவந்து, என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த ரேடியேட்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எங்கே விட்டது என்று அங்குலம் அங்குலமாகத் தேடினாய். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய்: "மாமா, இங்க பாருங்க. சின்ன மாப்ள பத்தவெச்ச எடம் ஒண்ணுகூட உடல. தகடு கிழிஞ்சிருக்குது, ஒட்டு கிழியல. வேல சுத்தமான வேல. சாமான்தான் இதுக்கானது இல்ல." என் பக்கம் திரும்பி, "கூலர மாட்டற வேல உன்னுது. லீக்கு தேடற கண்ணு உனக்குத்தான் இருக்குது" என்றாய். நாலு வருஷ எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

இரண்டு பேருமாகப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டிராக்டருடைய ஆயில் கூலர் ஒன்று. இரும்பு, தூக்கவே முடியவில்லை. பெரிய ராணுவ விமானத்திலிருந்து வந்த உருளை ஒன்று, பீப்பாய் போல. "இத்த மாட்னா நம்ம ஆயில் சூடே ஆகாது. ஆயிலு சூடாவலன்னாலும் எஞ்சினுக்குக் கேடுதான்" என்று அதையும் தள்ளினாய். கடைசியில் இரண்டு அலுமினியக் கூலர்கள் கிடைத்தன. ஒன்று புத்தம் புதிதுபோல மினுமினுப்பு. இன்னொன்று ஓரத்தில் நசுங்கியது. இரண்டையும் வாங்கி வந்தோம். மினுமினுப்பைத்தான் மாட்டப்போகிறோம் என்று ஆரணிக்கு நான் சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

நீ மண்ணெண்ணெயை ஊற்றிக் குலுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினாய். நசுங்கியதில் வந்தது வெறும் அழுக்கு. மினுமினுப்பில் வந்தது, வெயிலில் பிடித்தால் ஜிகினா. "இது எந்த எஞ்சினோட இருந்துச்சோ, அந்த எஞ்சின் உள்ளயே ஒடஞ்சிருக்குது. அந்தத் தூளுதான் இது" என்றாய். மூன்று நாள் கழுவினோம். மூன்றாம் நாள் துணியில் எனக்கு எதுவும் தெரியவில்லை. "போதும்ப்பா, சுத்தமாயிடுச்சி" என்றேன். நீ இன்னும் ஒரு தடவை குலுக்கினாய். ஒரே ஒரு பொட்டு மின்னியது. அழகான கூலரை அப்படியே ஓரம்கட்டிவிட்டு நசுங்கியதை எடுத்தாய். மாமனாருக்கு மனசே ஆறவில்லை. "லட்சணமான மாப்ளய உட்டுட்டு மூக்கு சப்பையானவனக் கட்டி வெக்கறாமாரி கீதே" என்றார்.

எங்கே மாட்டுவது என்பதில் நமக்குள் நடந்த சண்டை பட்டறைக்கே தெரியும். லாரி மாதிரி நேராக முன்னாடி தொங்கவிடு என்பது என் கட்சி. முன்னாடி வைத்தால் சிலிண்டருக்குப் போகிற காற்றைத் தின்றுவிடும், பின்னாடி வைத்தால் சிலிண்டர் சூடாக்கிய காற்றுதான் இதற்குக் கிடைக்கும் என்பது உன் கட்சி. கடைசியில் மூக்குக்குக் கீழே இடதுபக்கம், தனியாக ஒரு வாய் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் ரப்பர் வைத்து மாட்டினோம். குழாய் வாய் இரண்டும் மேலே பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும் என்றாய். ஹோஸை இறுக்கும்போது நான் வழக்கம்போல ஒரே ஸ்பேனரால் ஒரு இழு இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாயே! "ரெண்டு ஸ்பேனர் சகல. ஒண்ணு திருப்பறதுக்கு, ஒண்ணு கூலரோட கழுத்தப் புடிச்சிக்கறதுக்கு. அலுமினியம் பாவம், திருகிப்புடும்." அன்றிலிருந்து என் கடையிலும் இரண்டு ஸ்பேனர்தான்.

வாலைக் கம்பத்தில் கட்டிப்போட்டு, முக்கால் வேகத்தில் பத்து நிமிஷம் ஓடவிட்டோம். ஆயில் சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறியது, ஏறியது, எண்பத்தைந்தில் நின்றது. நான் குதித்தேன். நீ கைக்கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய். "எங்க நிக்குதுன்னு பாக்காத சகல, நிக்குதான்னு பாரு. நின்ன எடத்துல இருந்து நவுந்துச்சின்னா, எதுவோ மாறிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்." அப்புறம்தான் பறக்க அனுமதி கேட்டு விமான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாய். ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாகப் பதில் வந்தது. அதை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும், தை மாதம் வரைக்கும் எதுவும் நடக்காது.

இப்போது வருகிறது என் திருவிளையாடல்.

ஆயுதபூஜையன்று ஆரணியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். விமானத்துக்கு வந்ததும் எனக்கு ஒரே பாசம். என் கையால் மாட்டிய கூலர் அல்லவா? அதற்கு மட்டும் ஒரு பொட்டு எப்படிப் போதும்? லாரி ரேடியேட்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் முகம் நிறையப் பூசுகிறவன் நான். ஒரு லாரியும் அதனால் நின்றதில்லை. வழித்து வழித்து, கை நிறைய எடுத்து, கூலர் முகத்தில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பிறகு எஞ்சினை மறைக்கிற மூக்கு மூடியை மாட்டிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று காலையில் எல்லார் எதிரிலும் எஞ்சினைப் போட்டாய். ஆறாவது நிமிஷம் கொட்டகை முழுக்கக் கமகமவென்று சந்தன வாசனை. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மனே வந்து எறங்கிட்டா மாப்ள!" ஒரு ஆள் ஓடிப்போய்ச் சூடம் ஏற்றினான். நானும் கும்பிட்டேன், என்ன செய்வது? நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முள் எண்பத்தைந்தைத் தாண்டி, தொண்ணூறைத் தாண்டி, சிவப்பைத் தொட்டது. நீ எஞ்சினை அணைத்துவிட்டாய்.

இரண்டு நாள் நீ சோறு தின்னவில்லை. ஆயிலை மாற்றினாய். பம்பில் இருந்த ஸ்பிரிங்கை மாற்றினாய். நசுங்கிய கூலரைத் தேர்ந்தெடுத்தது தப்போ என்று முதல் தடவையாக உன் வாயிலிருந்தே கேட்டேன். கூலர் முகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே பழுதாக எதுவும் இல்லை என்று நமக்குத்தான் தெரியுமே! திரும்ப ஓட்டினோம், திரும்பவும் சிவப்பு. திரும்பவும் அதே வாசனை. மாமனார் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையை எடுத்தார். சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்த அக்காதான் கேட்டாள்: "நைனா, இன்னிக்கி ஊதுவத்தியே கொளுத்தலியே. அப்பறம் எங்கேர்ந்து வருது இந்த வாசன?"

நீ அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தாய். அப்புறம் மண்ணில் படுத்து, மூக்கால் முகர்ந்துகொண்டே எஞ்சினுக்குக் கீழே ஊர்ந்தாய். மூடியைக் கழற்றினால், கூலரின் தகட்டு இடுக்குகள் முழுக்க என் சந்தனம், வெந்து, ஓடு மாதிரி காய்ந்து உட்கார்ந்திருந்தது. காற்று போக ஒரு ஊசித் துவாரம் இல்லை. இது தரையில் தெரிந்தது. மேலே போனபிறகு தெரிந்திருந்தால்? அக்காவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வெந்நீரும் ஈர்க்குச்சியுமாக இரண்டு பேரும் நாள் முழுக்க உட்கார்ந்து சுத்தம் பண்ணினோம். நீ என்னைத் திட்டுவாய் திட்டுவாய் என்று காத்திருந்தேன். சாயங்காலம் எஞ்சின் நோட்டை எடுத்து எழுதினாய்: 'கூலர் முகத்தில் சந்தனம். அங்கே கை போகாதபடி மறைக்காதது என் தவறு.' நான் சண்டைக்கு வந்தேன். "நான் பண்ண கூத்துக்கு நீ எதுக்குப்பா பழிய ஏத்துக்கற?"

"ஆயுதபூஜன்னா ஜனங்க பூசத்தான் பூசுவாங்க. அடுத்த வருஷம் நீ பூசலன்னா இன்னொருத்தன் பூசுவான். பூசினாலும் ஓடறாமாரி மாட்டறதுதான் என் வேல. நான் மாட்டல, பாரு."

அதோடு விட்டாயா? கூலர் வாய்க்கு மேலே கம்பி வலை போட்டாய். அதற்குப் பக்கத்தில், மூக்கு மூடிமேல், ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒரு அலுமினியத் தகட்டை நாலு ரிவிட் அடித்துப் பதித்தாய். பொட்டு வைக்க இடம்! இன்ஸ்பெக்டர் வந்தார். பத்து நிமிஷம் முள் எண்பத்தைந்தில் அசையாமல் நின்றது. எல்லாம் பார்த்துவிட்டு அந்த வட்டத்தைத் தொட்டு, "இது வரைபடத்தில் இல்லையே?" என்றார். "அதுவும் கூலரோட பாகந்தான் சார்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நோட்டைக் காட்டி நடந்ததை முழுக்கச் சொன்னாய். மறைக்கவேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் அந்த மனுஷர். அனுமதி கிடைத்தது.

முதல் தடவை பைலட் சாரும் நீயுமாக மேலே போனபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. நான் பறப்பதைப் பார்க்கவில்லை சகலை. மூக்குக்குக் கீழே புகை வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒட்டு, என் இறுக்கல், அதன்மேல் நீ உட்கார்ந்திருக்கிறாய். நீ இறங்கி வந்தாய். மாலையோடு மாமனார் நின்றார், அக்கா நின்றாள். நீ நேராகக் குனிந்து, ஹோஸ் இறுக்கிய இடத்தை விரலால் தடவி, அந்த விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். "பாத்துக்கோ. ஒரு சொட்டு இல்ல." எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை பெருமையை என் வாழ்க்கையில் வேறு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா உன் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீ போனதிலிருந்து நாங்கள் பார்க்கவில்லை. பதினைந்து பேர் ஆரணியிலிருந்து நாஷ்டா கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்காவை ஏற்றி உட்காரவைத்து, வாரையும் மாட்டினோம். கூலரை நான் கழற்றிப் பார்த்தாயிற்று, வடிகட்டியாயிற்று, இரண்டு ஸ்பேனரால் இறுக்கியாயிற்று. பத்து நிமிஷ ஓட்டம் ஆரம்பித்தது.

முள் ஏறி எண்பத்தைந்தில் நின்றது. ஐந்தாவது நிமிஷம் நின்றது. ஏழிலும் நின்றது. எட்டாவது நிமிஷம் ஒரு கோடு நகர்ந்தது. ஒன்பதில் இன்னொரு கோடு. அப்புறம் நகரவில்லை.

பைலட் சார் எட்டிப் பார்த்துச் சொன்னார், "பரவாயில்ல கன்னியப்பா, சிவப்புக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. கையெழுத்துப் போடு." அவர் சொன்னது தப்பில்லை, கணக்குப்படி அது பறக்கலாம். பேனா என் கையில். அக்கா என்னையே பார்க்கிறாள். கண்ணாலேயே கெஞ்சுகிறாள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வேன்? நீயே சொல், எப்படி?

"சார், எஞ்சின நிறுத்துங்க. அக்கா, எறங்குக்கா. இன்னிக்கி இல்ல" என்றேன். கையெழுத்துப் போடாமலே நோட்டை மூடினேன்.

மாமனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டே ரெண்டு கோட்டுக்கா மாப்ள இந்தப் பேஜாரு? பொண்ணு எவ்ளோ ஆசையா வந்து குந்தினு கீது!"

அக்கா வாரைத் தானே அவிழ்த்தாள். மெதுவாக இறங்கினாள். காக்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நைனா, நீ சும்மா இரு. அவரு இருந்திருந்தா ஒரு கோட்டுக்கே எறக்கி உட்டிருப்பாரு."

பார்த்தாயா? இன்றைக்கும் உனக்குத்தான் ஒரு மார்க் அதிகம். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. அந்த ஒரு கோட்டில் நான் ஏன் நிறுத்தவில்லை என்றுதான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு கோடும் எங்கேயிருந்து வந்தன? ரப்பர் இறுகிவிட்டதா, வாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா, மீட்டரேதான் பொய் சொல்கிறதா? நாளைக் காலையில் மறுபடி கழற்றப்போகிறேன். கண்டுபிடிப்பேன், சகலை. முள் பத்து நிமிஷம் அசையாமல் நிற்கிற அன்றைக்கு அக்காவை ஏற்றி அனுப்புவேன். அது அடுத்த மாதமோ, அடுத்த வருஷமோ, அதற்கு முன்னால் ஒரு நாள்கூட அனுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சின்ன சகலை,
சுலோச்சனா அக்காவின் தங்கை புருஷன்,
கன்னியப்பன்